துடுப்புக்கு ரெண்டு நிழல்

திரௌபதி: வேற துடுப்புக்கு நான் எங்க போவேன் மாமா? எங்க வூட்டுல இருந்தது இது ஒண்ணுதான்.

சகாதேவன்: இல்லம்மா... சும்மா கேட்டேன். வேற இருந்தா நல்லாருக்குமேன்னு.

திரௌபதி: இதுக்கு இன்னா கொறச்சல்?

சகாதேவன்: கொறச்சல் ஒண்ணுமில்ல. அதான் கொறச்சல். செத்தவன் துடுப்பு இவ்ளோ அழகா இருந்தா நிழலுக்கே சந்தேகம் வந்துடும்.

திரௌபதி: கேலி பண்ற நேரமா மாமா இது? பொழுது எறங்குது. நாளைக்கு விடிஞ்சா கப்பல் பாய் விரிச்சுடும். எங்க கொழுந்தன் கோட்டைக்குள்ள கட்டிப் போட்டுக் கெடக்குது. அதும் பொண்டாட்டி பச்ச ஒடம்புக்காரி. புள்ளைக்கு முந்தாநேத்துதான் பேரு வெச்சோம்.

சகாதேவன்: தெரியும்மா. வரதனுக்காவதான வந்தேன். இல்லன்னா இந்நேரம் தூங்கியிருப்பேன். நான் கெட்டிக்காரனா இருக்கறது தூக்கத்துல மட்டும்தான்.

திரௌபதி: அப்போ நட்டுப் பாத்துச் சொல்லிடுங்க. எம் புருசன் செத்துட்டாருன்னு ஒரு வார்த்தை.

சகாதேவன்: இரு, இரு. நட்டுப் பாத்துச் சொல்றதா? இல்ல, செத்துட்டான்னு சொல்றதா? ரெண்டும் வேற வேற வேலை. துரை பேச்சைத் தமிழ்ல சொல்ற துபாசி ஐயா எங்க? கோட்டையில இருந்து கூடத்தான வந்தாரு?

திரௌபதி: தோணியில இருந்து எறங்கறப்போ தண்ணியில வுழுந்துட்டாரு. அங்க நின்னு அங்கியப் பிழிஞ்சுக்கினு கீறாரு.

சகாதேவன்: பிழியட்டும். கோட்டைத் துணி, சீக்கிரம் காயாது. அதுக்குள்ள, அன்னிக்கு நடந்ததை இன்னொரு தபா சொல்லு.

திரௌபதி: எத்தினி தபா சொல்றது? கப்பலுக்கு எடுக்கற ஆளுங்க பேருல சிங்காரம்னு இவரு பேரையும் எழுதிட்டாங்கன்னு தண்டோரா போட்டாங்க. அதுக்கு மறுநாளு இவரு இந்த முகத்துவாரம் தாண்டி வலைக்குப் போனாரு. காத்து பெரட்டிப் போட்டுடுச்சு. கட்டுமரம் வெறுசா வந்துச்சு. மூணாம் நாளு இந்தத் துடுப்பு கரை ஒதுங்குச்சு. இன்னியோட நாப்பது நாளு.

சகாதேவன்: மூணு நாளு உப்புத்தண்ணியில ஊறுன துடுப்பு.

திரௌபதி: ஆமா.

சகாதேவன்: வெளுத்துப் போயி, பொரிபொரியா இருக்கணும். இது இன்னான்னா கல்யாணத்துக்குப் போறவ தலை மாதிரி எண்ணெய் மினுக்குது.

திரௌபதி: அது... நான்தான் தேய்ச்சேன். ஒதுங்குன பெறகு.

சகாதேவன்: இன்னாத்துக்கு?

திரௌபதி: வெடிச்சுடுமேன்னு.

சகாதேவன்: செத்தவன் துடுப்பு வெடிச்சா இன்னா? சரி, விடு. கைப்பிடிக்குக் கீழ இன்னாது இது, கடிச்சு வெச்சாப்ல?

திரௌபதி: எலி கடிச்சிருக்கும். நான் கல்யாணம் கட்டிக்கினு இந்த ஊருக்கு வந்த அன்னிக்கே இருந்துச்சு. மேல உத்தரத்துல சொருகி வெச்சிருப்பாரு. அமாவாசைக்கு அமாவாசை எறக்கி, எண்ணெய் போட்டு, மறுபடியும் சொருகிடுவாரு. ஒரு நாளும் தண்ணியில எறக்குனதில்ல. கேட்டா, ‘இது எங்கிட்ட இருக்கணும், அவ்ளோதான்’னுவாரு.

சகாதேவன்: நல்லா... நல்லாத்தான் வெச்சிருக்கான்.

திரௌபதி: ஆமா மாமா.

சகாதேவன்: ஒரு நாளும் தண்ணியில எறக்குனதில்லன்ன.

திரௌபதி: ஆமா... ஐயோ. இல்ல, அன்னிக்கு மட்டும்... அன்னிக்கு ஒரு நாளு எடுத்துக்கினு போனாரு.

சகாதேவன்: பாவம். பொய்யி உனக்குப் பழக்கமே இல்ல போலக்குது. கோட்டையில நீ வாயைத் தொறக்காத தாயி. அழு. அழறதுல தப்பு வராது.

திரௌபதி: மாமா, அவரு வர்றாரு.

சகாதேவன்: வாங்க துபாசி ஐயா, வாங்க. ஏரித் தண்ணி எப்பிடிக் கீது? உப்பு போதுமா?

ஆபிரகாம்: யோவ் சகாதேவா, உன் கிண்டலை மூட்டை கட்டி வை. துரை குடுத்த அங்கி இது. சுருங்கிப் போச்சு பாரு.

சகாதேவன்: நீங்க பெருத்துட்டீங்களோ இன்னாவோ.

ஆபிரகாம்: வந்த வேலையப் பாருய்யா. துரை ரெண்டு விசயம் சொல்லி அனுப்பினாரு. ஒண்ணு, சிங்காரம் செத்தது நெஜம்னு நீ சொன்னா, அவன் பேரை அடிச்சுட்டு வரதனை இன்னிக்கே அவுத்து வுட்டுடுவாரு. இல்லன்னா, அண்ணன் ஓடிப்போனதுக்குத் தம்பி கப்பல் ஏறணும். அதுல பேச்சே இல்ல.

சகாதேவன்: எம் பேச்சை நம்பறாரா துரை? எங்க வூட்டு நாயே நம்பாதே.

ஆபிரகாம்: ஊரே சொல்லிச்சுய்யா. புயலுக்குக் காணாம போனாங்களே நாலு பேரு, வூட்டுல கருமாதிக்கு நாள் குறிச்சப்போ, ‘இல்ல, உசிரோட கீறாங்க’ன்னு நீதான தடுத்த? நாலு பேரும் நடந்தே வந்து சேந்தாங்களாமே.

சகாதேவன்: அதுல ஒருத்தன் எனக்குத் தர வேண்டிய கோழிய மட்டும் இன்னும் தரல. செத்திருந்தா அவன் பொண்டாட்டி தந்திருப்பா. ரெண்டாவது விசயம் இன்னா?

ஆபிரகாம்: இதை நீ எப்பிடிச் செய்யறேன்னு எழுதிக்கினு வரச் சொன்னாரு. அவரு புஸ்தகத்துல இதுக்கு ஒரு வார்த்தையே கீதாம். ஸ்கியோ... ஸ்கியோமாந்தி... வாயில நண்டு பூந்தாப்ல ஒரு வார்த்தை. செத்தவங்க நிழலை வெச்சுக் குறி கேக்கறதுன்னு அர்த்தமாம். ஆனா செய்யற ஆளை மட்டும் அவங்க தேசத்துல எவனும் கண்ணால பாத்ததில்லியாம். அதான் துள்ளிக் குதிக்கறாரு.

சகாதேவன்: அங்க வார்த்தை கீது, ஆளு இல்ல. இங்க ஆளு கீது, வார்த்தை இல்ல. துரையும் நானும் சேந்து ஒரு கடை போட்டுடலாம்.

ஆபிரகாம்: இங்க இன்னான்னுதான் சொல்லுவீங்க?

சகாதேவன்: ‘துடுப்பு நடறது’ன்னுவோம். அதை எழுதுனா துரை மூஞ்சி தொங்கிடும். கொஞ்சம் பெருசா ஏதாவது நீங்களே போட்டுக்கங்க.

ஆபிரகாம்: சரி, சொல்லு. எப்பிடி?

சகாதேவன்: ஏரிப் பக்கம் பொழுது ஒரு பனை ஒசரத்துக்கு எறங்கணும். காணாம போனவன் துடுப்பை இந்த மணல்ல நடணும். நிழலு கடல் பக்கம் நீட்டி வுழும். ஆளு உசிரோட இருந்தா துடுப்புக்கு ஒரு நிழலு. செத்திருந்தா பக்கத்துலயே இன்னொண்ணு. அவ்ளோதான். மந்திரம் கெடையாது. நானு உடுக்கை அடிச்சா ஊருல கொழந்தைங்க பயப்படும்னு எம் பொண்டாட்டி அப்பவே தடுத்துட்டா.

ஆபிரகாம்: உனக்கு மட்டும் எப்பிடித் தெரியுது ரெண்டாவது?

சகாதேவன்: எம் மூஞ்சியப் பாருங்க. நல்லாப் பாருங்க.

ஆபிரகாம்: இன்னா... மாறுகண்ணு.

சகாதேவன்: அதான் வித்தை. எனக்கு எல்லாமே ரெண்டாத்தான் தெரியும். இப்பக்கூட ரெண்டு துபாசி நிக்கறாங்க. ரெண்டு பேரும் நனைஞ்சிருக்காங்க.

ஆபிரகாம்: அப்போ யார் துடுப்பை நட்டாலும் உனக்கு ரெண்டு நிழலு தெரியுமே! இன்னாய்யா வெளையாடறியா? இதையா துரைகிட்ட போய்ச் சொல்றது?

சகாதேவன்: கோவப்படாதீங்க. துடுப்பு நட்டா ஒரு கண்ணைப் பொத்திக்குவேன். பொத்துன பெறகும் ரெண்டு இருந்தா... அது இருக்குன்னு அர்த்தம். எங்க நைனாவுக்கு நேர்க்கண்ணு. அவருக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்ல.

ஆபிரகாம்: பொய் சொன்னா?

சகாதேவன்: உசிரோட இருக்கறவனுக்கு ரெண்டுன்னு சொன்னா, சொன்னவன் நிழலு தேய ஆரம்பிச்சுடும்பாங்க. எனக்கு அதுல பெரிசா நட்டம் இல்ல. இப்பவே எம் நிழலு காய்ஞ்ச வாளை மீனாட்டம்தான் கீது.

திரௌபதி: நெஜமாவா மாமா? தேய்ஞ்சுடுமா?

சகாதேவன்: எவனும் சொல்லிப் பாத்ததில்லம்மா. அதனால தெரியாது.

ஆபிரகாம்: துரை இன்னொண்ணும் கேக்கச் சொன்னாரு. உம் பையன்... லோகநாதன். அவனும் மூணு வருசம் முன்னாடி கப்பல்லதான போனான், கடல் தாண்டி பத்தாவியாவுக்கு? அவனுக்கு நட்டுப் பாத்தியான்னு.

சகாதேவன்: அவனுக்கு இன்னாத்துக்கு? அங்க வாழைப்பழமா துன்னுக்கினு, கால்சட்டை மாட்டிக்கினு, தொப்பை போட்டிருப்பான். போவும்போது வெடவெடன்னு குச்சியாட்டம் இருந்தான். இப்போ பாத்தா எனக்கே அடையாளம் தெரியாது.

ஆபிரகாம்: சேதி வந்துச்சா?

சகாதேவன்: வரல. சேதி சொல்லி வுட சோம்பேறித்தனம். எம் புள்ளைதான அவன்.

திரௌபதி: நட்டுப் பாத்திருந்தா உங்களுக்கு நிம்மதியா இருந்திருக்குமே மாமா. ஊருக்கெல்லாம் பாக்கறீங்க.

சகாதேவன்: அவன் துடுப்பு எங்கிட்ட இல்ல. கப்பலு போன அன்னிக்கே தூக்கிக் குடுத்துட்டேன். வூட்டுல இருந்தா கை சும்மா இருக்காதுன்னு.

ஆபிரகாம்: யாருக்குக் குடுத்த?

சகாதேவன்: மறந்து போச்சு. வயசாச்சு இல்ல? பொழுது பாருங்க, பனை ஒசரம் வந்தாச்சு. வாம்மா. துடுப்பைக் கொண்டா.

திரௌபதி: இந்தாங்க... புடிங்க மாமா.

சகாதேவன்: நீயே நடும்மா. எனக்குக் கை வலி.

ஆபிரகாம்: இன்னும் எவ்ளோ நேரம்யா? நான் இருட்டறதுக்குள்ள கோட்டைக்குப் போவணும். கதவு சாத்திட்டா இந்த ஈரத்தோட வெளியதான் படுக்கணும்.

சகாதேவன்: சரி. இங்க... இந்த எடத்துல குத்தும்மா. ஆழமா. இன்னும். போதும், கையை எடு. ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. உங்க நிழலுங்க குறுக்க வந்தா அப்புறம் நான் மூணு, நாலுன்னு ஏலம் போட வேண்டியதுதான்.

ஆபிரகாம்: எனக்கு ஒண்ணுதான் தெரியுது.

சகாதேவன்: இன்னும் கூப்பிடவே இல்ல. அதுக்குள்ள நீங்க தொழிலுக்கு வந்துட்டீங்க.

திரௌபதி: பேரு சொல்லிக் கூப்பிடுங்க மாமா. சிங்காரம்னு.

சகாதேவன்: பேரு வேணாம்மா. யாருதுன்னு துடுப்புக்குத் தெரியும்.

ஆபிரகாம்: கூப்பிடுய்யா.

சகாதேவன்: ம்... வந்திருந்தா, ஒக்காருப்பா. வரலன்னா... ரொம்ப சந்தோசம்.

ஆபிரகாம்: கூப்பிடற லட்சணமா இது! இதை எப்பிடிய்யா எழுதறது?

சகாதேவன்: கொஞ்சம் பேசாம இருங்க.

ஆபிரகாம்: கண்ணைப் பொத்திட்டான். ...இப்போ அடுத்த கண்ணு. ...மறுபடியும் மொதக் கண்ணு. யோவ், எத்தினி தபாய்யா மாத்துவ?

சகாதேவன்: மணலு வுழுந்துடுச்சு.

ஆபிரகாம்: காத்தே இல்லியே.

திரௌபதி: மாமா... இன்னா மாமா? ஒக்காந்துட்டீங்க?

சகாதேவன்: ஒண்ணுமில்ல. இரு. இன்னொரு தபா... ஒரே ஒரு தபா பாத்துக்கறேன்.

ஆபிரகாம்: சொல்லுய்யா. ஒண்ணா, ரெண்டா?

திரௌபதி: மாமா, வரதன்...

சகாதேவன்: எழுதிக்கங்க. ரெண்டு.

ஆபிரகாம்: நிச்சயமா?

சகாதேவன்: ரெண்டு.

ஆபிரகாம்: கர்த்தரே. பாவம் இந்தப் பொண்ணு. அழாதம்மா... சரி, அழு. சகாதேவா, துரை நோண்டி நோண்டிக் கேப்பாரு. ரெண்டாவது எப்பிடி இருந்துச்சு?

சகாதேவன்: ஒல்லியா. துடுப்பு நிழலை ஒட்டுனாப்ல. ஒரு பக்கம் தோளு கொஞ்சம் எறங்கி.

ஆபிரகாம்: ஒல்லியா? சிங்காரம் ஆளு தூணாட்டம் இருப்பானே?

சகாதேவன்: செத்தா எளைச்சுப் போவாங்க. எழுதுங்க.

ஆபிரகாம்: எழுதிட்டேன். ஏம்மா, கோட்டைக்கு வர்றப்போ வெறுங்கழுத்தோட வா. துரை பாப்பாரு. தப்பா எடுத்துக்காத. நான் முன்னாடி போயி தோணியைத் தள்ளி வெக்கறேன். வரதனைக் கூட்டிக்கினு போவ நீயும் வரணும். சீக்கிரம் வா.

சகாதேவன்: பாத்து ஏறுங்க ஐயா. அங்கி இன்னொரு தபா சுருங்குனா கைக்குட்டைதான்.

ஆபிரகாம்: போய்யா!

திரௌபதி: ...போயிட்டாரா?

சகாதேவன்: போயிட்டாரு. கண்ணைத் தொடை.

திரௌபதி: மாமா, உங்க காலை இப்பிடி நீட்டுங்க. வுழுந்து கும்புடணும்.

சகாதேவன்: வேணாம், வேணாம். கால்ல சேறு.

திரௌபதி: உங்களை ஏமாத்திட்டேன் மாமா. அவரு சாவல. காத்தும் பெரட்டல, ஒண்ணும் பெரட்டல. கட்டுமரத்தை நாங்களே வெறுசா தள்ளி வுட்டோம். அவரு வடக்க, தீவுப் பக்கம் எங்க சித்தப்பா வூட்டுல...

சகாதேவன்: எந்த வூடுன்னு சொல்லாத. எனக்கு வாய் நிக்காது.

திரௌபதி: உங்களுக்குத் தெரியுமா?

சகாதேவன்: நீ இந்தத் துடுப்பைத் தூக்கிக்கினு வந்தப்பவே தெரியும். கடல்ல போனவன் துடுப்பு அவன் கையிலதான இருக்கும்? வூட்டு உத்தரத்துல இருந்ததை நீ கொண்டு வந்தன்னா, அவன் துடுப்பு அவனோட எங்கியோ தண்ணி தள்ளிக்கினு கீதுன்னு அர்த்தம். நல்லாத்தான் இருப்பான்.

திரௌபதி: தெரிஞ்சுமா ரெண்டுன்னு சொன்னீங்க? எங்களுக்காவ பொய் சொல்லிட்டீங்களே மாமா. உங்க நிழலு...

சகாதேவன்: எம் நிழலு நல்லாத்தான் கீது. உன் கால்லதான் கெடக்குது, பாரு.

திரௌபதி: தேயுமா மாமா? நான் ஏதாவது பரிகாரம்... அம்மனுக்கு வேண்டிக்கினு...

சகாதேவன்: ஒண்ணே வுழுந்தாலும் ரெண்டுன்னு பொய் சொல்லத்தான்மா வந்தேன். ராத்திரி பூரா மனசுக்குள்ள சொல்லிப் பழகிக்கினு வந்தேன். சொல்ல வுடல.

திரௌபதி: புரியல.

சகாதேவன்: நான் பொய் சொல்லல. ரெண்டு நிழலு வுழுந்துச்சு.

திரௌபதி: உங்களுக்கு எல்லாமே ரெண்டா...

சகாதேவன்: கண்ணைப் பொத்திக்கினுதான் பாத்தேன். மாத்தி மாத்திப் பொத்திப் பாத்தேன். போவலம்மா அது. ஒக்காருப்பான்னு சொன்னேன்ல... ஒக்காந்துக்கினே இருந்துச்சு.

திரௌபதி: ஐயையோ! அப்போ எம் புருசன்? மாமா, நாலு நாளு முன்னாடிகூட ஆள் வுட்டு இறாலு குடுத்தனுப்பிச்சாரே... மாமா, அவருக்கு இன்னா ஆச்சு?

சகாதேவன்: சத்தம் போடாத, சத்தம் போடாத. சிங்காரத்துக்கு ஒண்ணும் ஆவல. இது சிங்காரம் துடுப்பு இல்ல.

திரௌபதி: அவருதுதான் மாமா! மூணு வருசமா அவருகிட்டதான் கீது. உசிரா வெச்சிருந்தாரு. அவருது இல்லன்னா வேற யாருது?

சகாதேவன்: எலி கடிச்ச தடம்னியே. அந்த எலிக்கு அப்போ நாலு வயசும்மா. நானு செதுக்கி முடிக்கறதுக்குள்ள ஓடி வந்து, ‘இது என்னுது நைனா’ன்னு கடிச்சு வெச்சுட்டான்.